அரை அங்குல நடுப்பகல்

சீனப் பத்திரிகைத் தாளில் சுற்றி
மிஸ்டர் ஊய் கொண்டுவந்தார்.
கண்ணாடி உடைந்திருந்தது.
நிபோங் திபாலில் ஃப்ரேம் போடுகிறவள்
இப்போது நான் ஒருத்திதான்.
பழைய கரும்புத் தோட்டத்துத் துரை பங்களாவை
ஏலத்தில் எடுத்தவர் அவர்.
மின்மினி பார்க்கப் படகேற வருகிறவர்களுக்கு
அதை விடுதியாக்குகிறார்.
முன்கூடத்தில் இது தொங்க வேண்டுமாம்.
"பழைய மாதிரியே செய், அஞ்சுகம்.
பார், எவ்வளவு அமைதி."

அமைதிதான்.
கிரியான் ஆறு, அந்தி.
தேன் ஊற்றினாற்போல் தண்ணீர்,
கன்னம் சிவந்த மேகம்,
இரு கரையிலும் பழுத்துப்போன மரங்கள்.
ஒரு தோணி, மூன்று பேர்,
வேலை முடிந்து திரும்புகிறார்கள்.
மூலையில் பென்சிலில் 1868.
துரையின் தங்கையோ மனைவியோ
குடை பிடிக்க ஓர் ஆளை நிறுத்திவைத்து
வரைந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் உறுத்தியது.
இலையுதிர்காலமே இல்லாத ஊரில்
இத்தனை இலை எப்படிப் பழுத்தது?

பின்பலகை ஆணிகளைப் பிடுங்கினேன்.
துரு. பல்லி முட்டை ஓடு இரண்டு.
நனைந்த அரிசிச் சாக்கின் வாடை.
பசையை ஆவி காட்டி இளக்கி
மவுண்ட் அட்டையைத் தூக்கினேன்.

தூக்கியதை அப்படியே வைத்தேன்.
விசிறியை நிறுத்தினேன்.
மறுபடி தூக்கினேன்.

அட்டை மூடியிருந்த அரை அங்குலத்தில்
நாலு பக்கமும்
நீலம்.
கண் கூசும் பன்னிரண்டு மணி நீலம்.
கீழ் ஓரத்தில் நிப்பா மட்டைகள்
இப்போதுதான் மழையில் குளித்த பச்சையில்.

அவுரி.
வெளிச்சம் பட்டால் ஓடிப்போகும் சாயம்.
மேகத்துக்கு அதைச் செங்காவியோடு கலப்பார்கள்,
இலைக்கு மஞ்சளோடு.
நூற்றைம்பது வருஷம் பங்களா ஜன்னல்
துளித் துளியாக அதைத் தின்றிருக்கிறது.
மேகத்தில் காவி மிஞ்சியது,
மரத்தில் மஞ்சள் மிஞ்சியது.
மிச்சத்துக்கு அந்தி என்று பேர் வைத்துவிட்டோம்.

தென்னாற்காட்டு அவுரியாக இருக்கலாம்.
தோணிக்காரர்களும் அந்தப் பக்கத்து ஆட்களாக இருக்கலாம்.
ஒரே கப்பலில் வந்தார்கள் என்றால் அழகாக இருக்கும்.
வந்திருக்க முடியாது.
அவுரி லண்டன் போய் வில்லையாகித் திரும்பியிருக்கும்.
இவர்கள் நாகப்பட்டினத்தில் நேரே ஏறியிருப்பார்கள்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
கோல் ஊன்றி நிற்பவனின் நிழல்
அவன் காலடியிலேயே
ஒரு காசளவுக்குச் சுருண்டு கிடக்கிறது.
அந்தியில் நிழல் அப்படி விழாது.
மடியிலிருப்பது தூண்டில் இல்லை, வெட்டுக் கத்தி.
தோணி திரும்பவில்லை,
போய்க்கொண்டிருக்கிறது.

ஊய்க்குப் போன் போட்டேன்.
"பகலா? பகலில் மின்மினி ஏது?
அந்தியே இருக்கட்டும்."

காசு கொடுக்கிறவர் பேச்சு.
அளவுகோலைப் பழைய அளவில்தான் வைத்தேன்.
கத்தி இறங்கும்போது
மேல் ஓரத்தில் மட்டும்
ஒரு நெல் அகலம் விலகியது.
கை தவறிற்று என்று சொல்ல
இருபத்தாறு வருஷத் தொழில் இடம் கொடுக்காது.

வெள்ளிக்கிழமை வந்தார்.
தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார்,
கண்ணாடி மேல் நகத்தால் சுரண்டினார்.
"இங்கே ஏதோ கறை."

"வெளிச்சத்தில் மாட்டுங்கள்,
தானே போய்விடும்" என்றேன்.

எட்டு ரிங்கிட் குறைத்துக்கொண்டு கொடுத்தார்.

கடையைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டுக்குப்
பாலத்து வழியே நடந்தேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
பாலத்தை ஆட்டிக்கொண்டு போனது.
கீழே ஆறு, காப்பி நிறத்தில்,
யாரும் மாட்டிவைக்க விரும்பாத நிறத்தில்.
என் நிழலைத் தேடினேன்.
செருப்புக்கு வெளியே அதிகம் இல்லை.